தம்பானூரில் போர்டு படிக்கத் தெரியாத இன்டர்நேஷனல் பிள்ளை

போன மாதம் அம்மாவை நாகர்கோவில் பஸ் ஏற்றிவிடத் தம்பானூர் போயிருந்தோம். வண்டியை நிறுத்த எனக்கு இடம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயது மகளிடம், "ஆச்சியக் கூட்டிட்டுப் போயி பஸ்ஸப் பாத்து உக்கார வை, இந்தா வந்துர்றேன்" என்று அனுப்பினேன்.

கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் அதே இடத்தில் நிற்கிறார்கள். அம்மாவுக்குக் கண் மங்கல். மகளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கேரளா பஸ்ஸில் போர்டு மலையாளத்தில் இருந்தது, தமிழ்நாட்டு பஸ்ஸில் தமிழில் இருந்தது. அவளுக்கு இரண்டுமே வாசிக்க வராது. பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவும் ஒடிசாப் பையன்தான் மலையாளத்தில் விவரம் கேட்டு, "அதா, ஆ வண்டி" என்று கை காட்டினான்.

அவள் படிப்பது இன்டர்நேஷனல் ஸ்கூல். வருடக் கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். ஹூம்.

மறுநாள் ஆபீசில் நம்மூர்த் தம்பி ஒருவர், சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போகிறவர், "அண்ணாச்சி, அங்க எந்த இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேக்கலாம்?" என்று கேட்டார். எந்த என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். இன்டர்நேஷனலா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்றாக இருக்கிற நாடு, அரசுப் பள்ளியிலேயே தமிழைத் தாய்மொழிப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிற நாடு. அங்கே போய்ப் பணம் கட்டித் தமிழ் இல்லாத பள்ளியைத் தேடுகிறோம்! (அங்கே அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது எளிதில்லை என்பது உண்மைதான். ஆனால் இவர் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.)

திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நானும் இதையேதான் செய்தேன். திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தைக் கொண்டு வரும்போது என் கணக்கு இது: "மூணு வருசத்துல வேற ஊருக்கு மாத்துவான். மலையாளம் எதுக்கு? தமிழ் வீட்ல தானா வந்துரும். எங்க போனாலும் செல்லுற போர்டாப் பாத்துச் சேத்துட்டா கவலை இல்ல." மூன்று வருடம் முடிந்து, இன்னும் மூன்றும் ஓடிவிட்டது. மாற்றலும் வரவில்லை, தமிழும் தானாக வரவில்லை. தானாக வந்தது பேச்சு மட்டும்தான். எழுத்து எந்த வீட்டிலும் தானாக வராது.

சரி, ஊருக்கே திரும்புவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்து வரை தமிழைக் கட்டாயமாக்கினார்கள். 2014-ல் அரசாணை போட்டு சி.பி.எஸ்.இ. மாதிரியான மற்ற போர்டுகளையும் அதற்குள் கொண்டு வந்தார்கள். எட்டாம் வகுப்பில் பிள்ளையோடு திரும்பிப் போய் விலக்குக் கேட்டு அலைந்தவர்கள் கதை தனி. சொந்த ஊரில், சொந்த மொழியிலிருந்து விலக்கு! கேரளாவும் 2017-ல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. வெளிமாநிலத்திலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு மலையாளத் தேர்விலிருந்து விலக்குப் பெற அதில் வழி வைத்தார்கள். நம் ஆட்கள் அந்தச் சட்டத்தில் தெரிந்துவைத்திருப்பது அந்த ஒரு வரியைத்தான்.

அதே 2017-ல் கேரள எழுத்தறிவு இயக்கம் வெளிமாநிலத் தொழிலாளிகளுக்காக 'சங்ஙாதி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பாடப்புத்தகத்தின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. பகலெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். ஏ.சி. பஸ்ஸில் போய்வருகிற என் பிள்ளைக்கு மலையாளம் பாரமாம்.

இன்னொரு வாதம்: "ரெண்டு மொழி படிச்சா பிள்ளை குழம்பிரும்." தம்பானூரிலிருந்து நடக்கிற தூரத்தில் சாலைக் கடைத்தெரு. அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். பள்ளியில் படித்தது மலையாளம், தமிழைச் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டார். 2015-ல் தமிழுக்கான சாகித்ய அகாதமி விருது வாங்கினார். 2021-ல் காலமானார். மலையாளத்திலிருந்து நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். குழம்பின மாதிரி தெரியவில்லை :-) அதே சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளியும் இருக்கிறது. நம் ஐ.டி. வட்டாரத்தில் யாரும் அதன் வாசலை மிதித்ததாக நான் கேள்விப்படவில்லை. நானும் மிதித்ததில்லை.

நிற்க. இன்டர்நேஷனல் என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. அமைப்பின் டிப்ளமா படிப்பில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைக்கூடப் பிள்ளை தானே படித்துத் தேர்வு எழுத வழி உண்டு. இருமொழி டிப்ளமாவும் உண்டு. இதை மகளின் பள்ளியில் எடுத்துச் சொல்லி, பின்னால் அப்படி எழுத இப்போதே கொஞ்சம் தமிழுக்கு வழி உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா புன்னகையோடு, "ஃப்ரெஞ்ச் இஸ் வெரி பாப்புலர் சார்" என்றார். மலையாளம் வாரம் ஒரு பீரியட், பெயருக்கு. இதற்குப் பெயர் இன்டர்நேஷனல் என்றால், நேஷனும் இல்லை, இன்டரும் இல்லை.

அதனால் சிங்கப்பூர்த் தம்பியிடம் சொன்னேன்: ஸ்கூலுக்குப் போனதும் நீச்சல்குளத்தைப் பார்க்காதீர்கள். இந்த ஊர்த் தெருவில் பேசுகிற மொழியை வாரத்துக்கு எத்தனை பீரியட் நடத்துகிறீர்கள், எங்கள் மொழியைப் பாடமாக எடுக்கலாமா, எடுத்தால் மதிப்பெண் உண்டா, அதற்கு மாதச் சம்பளத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் தலையாட்டினார். அப்புறம், "அண்ணாச்சி, அட்மிஷனுக்கு லேட்டாயிரும்ல?" என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை காலை தமிழ், நான்தான் வாத்தியார். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் மலையாளம். ணகரமும் பகரமும் வகரமும் இரண்டிலும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் எதை எங்கே எழுதுவது என்று சண்டை போடுகிறாள். அடுத்த வாரம் ஆச்சி வருகிறார்கள். திரும்ப ஏற்றிவிடும்போது நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.