அமானிதமும் இரண்டரை சதவீதமும்

வளைகுடாவில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்களிடம் ஒரு தொகை சேர்ந்திருக்கும். வீடு கட்டி, பெண்மக்களின் நிக்காஹை முடித்தபின் எஞ்சியது அது. வட்டிக்கு அஞ்சி அதை வங்கி வைப்பில் இடமாட்டார்கள். நிலம் வாங்கிப்போட்டு விற்க இயலாமல் தவிப்போரையும் பார்த்திருப்பார்கள். இந்நிலையில்தான், எதை வாங்குவது, எப்போது விற்பது என்பதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று முதலீட்டு மேலாளர்கள் வருகிறார்கள். பி.எம்.எஸ். எனப்படும் இச்சேவையில் சேர, செபி விதிகளின்படி குறைந்தது 50 இலட்சம் ரூபாய் வேண்டும். முழு விருப்புரிமை அளித்துக் கையொப்பமிட்டுவிட்டால், அதன்பின் ஒவ்வொரு கொள்முதலுக்கும் அவர் நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

இத்தகையவரைத் தேர்ந்தெடுக்கையில் நாம் கேட்கும் முதற்கேள்வி ‘ஆள் எப்படி?’ என்பதே. தொழுகையாளியா, எந்த ஊர், யாருக்கு உறவு என்று விசாரிக்கிறோம். இக்கேள்வி தவறன்று. ஆனால் அதனோடு நின்றுவிட்டதன் விளைவைப் பெங்களூரில் கண்டோம். முதலீட்டாளர்களைப் பங்காளிகளாகச் சேர்த்து, ஹலால் இலாபம் என்ற பெயரில் மாதந்தோறும் பணம் வழங்கிவந்த ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் நிறுவனர், 2019 ஜூனில் நாட்டைவிட்டு வெளியேறினார். பல்லாயிரம் குடும்பங்கள், அவற்றுள் பெரும்பாலானவை முஸ்லிம் குடும்பங்கள், சேமிப்பை இழந்து நின்றன. பணத்தைக் கையாண்டவரும் அதை வைத்திருந்தவரும் ஒருவரே என்பதை அப்போது எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

செபியில் பதிவு பெற்ற பி.எம்.எஸ். இதிலிருந்து வேறுபட்டது. பங்குகள் நம் பெயரிலேயே டீமேட் கணக்கில் இருக்கும். அவற்றைக் காப்பது கஸ்டோடியன் எனும் தனி நிறுவனம். இலாபத்துக்கு உறுதியளிப்பதும் மேலாளருக்குத் தடுக்கப்பட்டுள்ளது. முளாரபாவில் உறுதியான இலாபம் கோருவதை மார்க்கமும் ஏற்பதில்லை. ஆகவே மாதம் இவ்வளவு நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பேணுதலானவராகத் தோன்றினாலும், அவ்விடத்தைவிட்டு எழுந்துவிடுவதே நலம்.

மோசடி எதுவும் நிகழாத இடத்திலும் செல்வம் அரிக்கப்படலாம். மேலாளர் ஆண்டுக்கு 2.5 சதவீதம் கட்டணம் கேட்கிறார் என்று கொள்வோம். அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 2.95 ஆகும். பங்குகள் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 50 இலட்சம் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 155 இலட்சமாகும். கட்டணம் போக வளர்ச்சி 9.05 சதவீதமாகக் குறையும்போது கிடைப்பது ஏறத்தாழ 119 இலட்சமே. 36 இலட்ச ரூபாய் வேறுபாடு! தரகுக்கூலி, கஸ்டோடியன் செலவு ஆகியவை இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. மேலும், பங்குகள் நம் பெயரில் இருப்பதால் மேலாளர் இலாபத்தில் விற்கும்போதெல்லாம் வரிப்பொறுப்பு நம்முடையது. 2024 ஜூலை முதல் ஓராண்டுக்குள் விற்றுப் பெறும் இலாபத்துக்கு 20 சதவீதமும், அதற்குப் பிந்தியதற்கு 1.25 இலட்சத்துக்கு மேல் 12.5 சதவீதமும் வரியாகும். அடிக்கடி வாங்கி விற்கும் மேலாளரின் சுறுசுறுப்புக்கும் நாமே விலை கொடுக்கிறோம்.

அநாதைகளின் செல்வத்தை ஸகாத் கரைத்துவிடாதிருக்க அதை வாணிபத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அறிவுறுத்தியதாக முவத்தா நூலில் பதிவாகியுள்ளது. அல்லாஹ் கடமையாக்கிய இரண்டரை சதவீதம் குறித்தே அவர்களுக்கு அத்தனை கவனம் இருந்தது. நாமோ ரமளானில் ஸகாத்துக்காக ஆலிம்களிடம் சென்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறோம். மேலாளர் எடுக்கும் இன்னொரு இரண்டரை சதவீதத்தைக் காலாண்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் படிக்காமலே விட்டுவிடுகிறோம்.

உழைப்புக்குக் கூலி கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. வகாலத்தில் கூலி ஆகுமானதே. எனினும் நட்டம் வந்த ஆண்டிலும் குறையாது பெறும் நிலையான கட்டணத்தைவிட, இலாபத்தில் பங்கு பெறும் முறை நமக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. இதற்கும் செபி இடமளிக்கிறது. கணக்கு முன்பு எட்டிய உச்ச மதிப்பைத் தாண்டிய பின்பே இலாபப்பங்கு எடுக்கலாம் என்பது அதன் நிபந்தனை. முதல் மீண்ட பின்பே இலாபம் என்ற முளாரபா விதியை அறிந்தோருக்கு இது புதிதாக இராது.

அறிமுகப்படுத்தும் சகோதரரிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது: இதில் தங்களுக்கு என்ன கிடைக்கிறது? முகவருக்கு ஆண்டுதோறும் நம் கட்டணத்திலிருந்தே பங்கு போகக்கூடும். மச்சானாயினும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. முகவரின்றி நேரடியாகச் சேரவும் விதி அனுமதிக்கிறது. 50 இலட்சம் இல்லாதோருக்கும், இருந்தும் இவ்வளவு செலவை விரும்பாதோருக்கும் ஷரீஅத் வரம்புக்குட்பட்ட மியூச்சுவல் ஃபண்டுகள் உள்ளன. அவற்றின் நேரடித் திட்டங்களில் செலவு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

பி.எம்.எஸ்.தான் என்று முடிவு செய்தோர், எவற்றை வாங்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். நிஃப்டி 50 குறியீட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்களே. மேலாளர் அவற்றைத் தவிர்ப்பார் என்று நாமே எண்ணிக்கொள்வதில் பயனில்லை. வட்டித் தொழில், மது, அளவுக்கு மிஞ்சிய வட்டிக்கடனுள்ள நிறுவனங்கள் ஆகியவற்றைப் பெயர்சுட்டி விலக்கி, தவறி வாங்கிவிட்டால் எத்தனை நாளில் விற்க வேண்டும் என்பதையும் கையொப்பத்துக்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.