மலைக்குப் போகிறீர்களா? கருவி வாங்குமுன் ஒரு வார்த்தை!

கள்ளக்குறிச்சி கருணாபுரம் என்றால் நாட்டுக்கு 2024 ஜூன் மாதம்தான் நினைவுக்கு வருகிறது. விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாதம் அது.

அந்தத் துக்கத்தோடு ஊர் நின்றுவிட முடியுமா? கடை திறக்கிறது. ஆபீஸ் நடக்கிறது. லீவு நாள் வந்தால் பிள்ளைகள் பைக்கை எடுக்கிறார்கள். கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி என்று பார்க்க எத்தனையோ இருக்கிறது.

ரோட்டோடு போய் ரோட்டோடு வந்தால் கவலை இல்லை. ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதுதான் வம்பு!

செல்போன் போதாதா?

"கையிலதான் போன் இருக்கே, மேப் பார்த்துப் போயிடலாம்" என்பார்கள்.

டவர் இருக்கும் வரை சரி. டவர் போனாலும் இருக்கும் இடம் போனுக்குத் தெரியும். ஆனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால், வெற்றுத் திரையில் ஒரு புள்ளிதான் தெரியும். மழையில் நனைந்த விரலுக்குத் திரை மசியாது. பாட்டு, போட்டோ, வீடியோ என்று சார்ஜும் மதியத்துக்குள் காலி!

அதனால்தான் கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவியைச் சிலர் தேடுகிறார்கள்.

அது வெறும் காதுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்கிறது. நான்கு கோள்கள் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே மாதம் அது நீங்கியது. இப்போது வெட்டவெளியில் சில மீட்டர் வித்தியாசத்தில் இடம் தெரியும். அடர்ந்த மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் அருவிப் பள்ளத்திலும் தடுமாறும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில், கடிகாரத்துக்குப் போடும் சின்ன செல் மாதிரி, பெட்டிக்கடையில் கிடைக்கும் செல்லில் ஓட வேண்டும். மலையில் சார்ஜருக்கு எங்கே போவது?

அடுத்து, திரையைத் தடவுவதைவிடப் பொத்தான் மேல். ஈரக் கைக்கும் வேலை செய்யும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும் என்ற தரக்குறி, அதாவது ஐ.பி.எக்ஸ்.7, இருக்கிறதா பாருங்கள்.

அமெரிக்கக் கோள்களை மட்டும் நம்பாமல் ரஷ்யா, ஐரோப்பா, நம் நாட்டு 'நாவிக்' கோள்களையும் பிடித்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வந்த தடத்தைப் பதிந்து, அதே தடத்தில் திருப்பிக் கூட்டி வரும் வசதி. கலர் படமும் பெரிய திரையும் இல்லாவிட்டால் பரவாயில்லை. வண்டியை நிறுத்திய இடத்தைக் குறிக்காமல் கிளம்பினால் எவ்வளவு விலை கொடுத்தும் பயன் இல்லை!

இதை வாங்காதீர்!

ஜி.பி.எஸ். கருவி மாதிரியே இருக்கும், ஆனால் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் வகை ஒன்று உண்டு. கார்மின் கம்பெனியின் 'இன்ரீச்' அப்படிப்பட்டது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நம் நாட்டில் அதை வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதோடு பிடிபட்டார். "துபாயிலிருந்து மாமா வாங்கிட்டு வர்றார்" என்பவர்கள் இப்போதே மாமாவுக்குப் போன் போடுவது நல்லது! கேட்க மட்டும் செய்யும் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெட்டிக்குத் தெரியாதது

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ பறித்துக்கொண்டது. அங்கே வழி தெரிந்தால் மட்டும் போதுமா? தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்தக் கருவி சொல்லும்?

நிற்கும் இடத்தைத்தான் கருவி சொல்லும். முன்னால் இருப்பது பள்ளமா, ஓடையில் வெள்ளம் வருமா, எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் முதலில், கருவி பிறகுதான்.

வனத்துறை கவனிக்குமா?

ஒரு நாள் மலைக்குப் போக எல்லோராலும் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கருவி வாங்க முடியாது. மலை ஏறும் வழியில் உள்ள சோதனைச் சாவடியில் பத்துக் கருவிகளை வைத்து, அடையாள அட்டையும் முன்பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தால் என்ன? மாலையில் திரும்பி வராத கருவி எது என்று பார்த்தால், யாரைத் தேட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடுமே! வழி தவறியவர் டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி, 112-க்குப் போன் போட்டு, கருவியில் உள்ள எண்களைப் படித்தால் போதும். தேடுகிறவர்கள் நேரே வந்து சேரலாம்.

அடுத்தடுத்துப் பாடை பார்த்த ஊர் இது. அருவி பார்க்கப் போன பிள்ளைக்காக இன்னொரு தாய் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்!