ஃபிட் என்றொரு சீட்டு

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் இப்போதெல்லாம் டீ கிளாஸை இடது கையில்தான் பிடிக்கிறார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு வெண்டர் கம்பெனி, பிரஸ் ஷாப், நைட் ஷிஃப்ட். பெரிய கம்பெனி விற்கும் காருக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற தகட்டுத் துண்டை அடித்துக் கொடுக்கும் வேலை. அதில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, "வலி போயிடுச்சுடா, அதான் பயமா இருக்கு" என்றார். ஃபிட் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "உக்காந்த இடத்துல காசு வந்தா எவன் வேலைக்குப் போவான்?" கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் இதே வசனம்தான். வேலைக்குத் திரும்பப் பயப்படுகிறவன் சோம்பேறி என்று இவர்களாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கிற கணக்கை இவர்களில் ஒருவர்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

நான் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் சம்பளம் 18,000. வேலை நேரத்தில் அடிபட்டால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதத்தை இஎஸ்ஐ தரும். ஒரு நாளைக்குச் சுமார் 540 ரூபாய். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆவது பிரிவு, இந்தத் தொகையை வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் டாக்டர் ஃபிட் என்று எழுதும் நாளில் 540 ரூபாயும் நின்றுவிடும், அந்தப் பாதுகாப்பும் போய்விடும். வெயிலில் நடக்கிறவனிடமிருந்து குடையையும் செருப்பையும் ஒன்றாகப் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

அதற்குப் பிறகு வருவது நிரந்தர ஊன உதவித்தொகை. எந்த விரலுக்கு எத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே அட்டவணை போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20. கசாப்புக் கடை விலைப்பட்டியலைப் படிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அண்ணனுக்கு 20 சதவீதம், அதாவது 540இல் ஐந்தில் ஒரு பங்கு, 108 ரூபாய். மாதத்துக்கு 3,240. ஆயுள் முழுக்க வரும், வேலைக்குப் போனாலும் நிற்காது. இதற்கு மேல் வேண்டுமென்றால் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். பிரஸ் ஓட்டத் தெரிந்தவர், ஐடிஐ ஃபிட்டர், ஓட்டிய கைதான் அவரிடம் முழுசாக இல்லை.

ஃபிட் சீட்டை எடுத்துக்கொண்டு போனார். "லைன்ல ஆள் போட்டாச்சு, கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. அவரைக் கம்பெனி நேரடியாகச் சேர்க்கவில்லை, காண்ட்ராக்டர் வழியாகச் சேர்ந்தவர். பதினோராவது மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்து அதைப் புதுப்பிக்காவிட்டால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு இல்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமும் அப்படித்தான் சொன்னது, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அப்படித்தான் சொல்கிறது. யாரும் அவரை நீக்கவில்லை பாருங்கள். அவராகவே தீர்ந்துபோனார்.

சரி, மாற்றுத்திறனாளி என்றாவது ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாமே? அங்கே இருக்கும் கதவின் பெயர் 40. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தருகிற இட ஒதுக்கீடு போன்ற முக்கியமான உரிமைகளெல்லாம் 40 சதவீதத்துக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். இரண்டு விரலை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டவே முடியாது. இஎஸ்ஐயின் மறுவாழ்வுத் தொழிற்பயிற்சித் திட்டத்துக்கும் அதே 40தான் வாசல். வேறு தொழில் கற்றுக்கொள்ள உண்மையிலேயே வாய்ப்புள்ள ஆள், அதாவது கொஞ்சமாக அடிபட்ட ஆள், அந்தத் திட்டத்துக்குள் நுழையவே முடியாது. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ! "அப்போ நான் யாருடா?" என்று அண்ணன் கேட்டார். டாக்டரைக் கேட்டால் ஃபிட். ஹெச்ஆரைக் கேட்டால் அன்ஃபிட். ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி என்று மாறியது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள்ளும் இவருக்கு இடமில்லை.

இவரே அரசு ஊழியராக இருந்திருந்தால்? அதே 2016 சட்டத்தின் 20(4) பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அவருக்கென்று கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. அதைக் காட்டித்தான் கால் அகற்றப்பட்ட ஒரு கான்ஸ்டபிளின் பக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் நின்றது. ஆனால் இதெல்லாம் அரசு நிறுவனத்துக்கு மட்டும். தனியார் முதலாளிக்குச் சட்டம் வைத்திருப்பது 35ஆவது பிரிவு. வேலையாட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பார்களாம். நிலம், மின்சாரம், வரி என்று சிப்காட்டுக்கு வருகிற கம்பெனிக்கு ஏற்கெனவே கொடுக்காத ஊக்கமா? கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கின் விரலுக்கு ஒரு நியாயம், வல்லம் வடகால் ஆபரேட்டரின் விரலுக்கு வேறு நியாயம். இதில் இரண்டாவது விரல்தான் தினமும் மெஷினுக்குள் போய்வருகிறது.

இன்னொன்று. கை பாதி தேறியபோதே ஸ்டோர்ஸிலோ குவாலிட்டியிலோ அரை நாள் வேலை செய்து பார்க்க அண்ணன் தயாராக இருந்தார். முடியாது. சம்பளம் வாங்கும் நாளுக்கு இஎஸ்ஐ தொகை கிடையாது. ஒன்று முழுசாக முடியாதவனாக இரு, இல்லையென்றால் முழு ஷிஃப்ட் அடி. ஜெர்மனியில் ஒரு தொழிலாளி வருடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பு சரியில்லாமல் இருந்தால், அவரை எப்படித் திரும்ப வேலைக்குக் கொண்டுவருவது என்று அவரோடு உட்கார்ந்து பேசுவது முதலாளியின் சட்டக் கடமை. இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று படிப்படியாகத் திரும்பலாம், அதுவரை நோய்க்கால உதவித்தொகையும் நிற்காது. ஒரகடத்தில் ஜெர்மன் லாரி தயாராகிறது. அந்த ஊர்ச் சட்டம் மட்டும் கப்பல் ஏறி வரவில்லை.

இந்தப் பயம் விரல் போனவர்களுக்கு மட்டுமல்ல. சுங்குவார்சத்திரத்தில் போலியோ பாதித்த ஒரு அக்கா கம்பெனி வேலை கிடைத்தும் போகவில்லை. ஆதாரில் பிஎஃப் ஏறினால் மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயம். கம்பெனி மூன்றே மாதத்தில் அனுப்பிவிட்டால்? திரும்ப மனு, திரும்ப முகாம், திரும்பத் தாலுக்கா ஆபீஸ். தொகை எவ்வளவு என்கிறீர்கள்? வருவாய்த் துறை வழியாக வருவது 2023 ஜனவரியில்தான் 1,000இலிருந்து 1,500 ஆனது. ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய், அதுவும் 80 சதவீத ஊனத்துக்கு. ஆந்திராவில் 2024இல் 6,000 ஆக்கினார்கள், கைதட்டினோம். 2025 ஆகஸ்டில் அங்கேயே மறுபரிசோதனை நடத்தி, உன் ஊனம் 40க்குக் கீழே போய்விட்டது என்று ஏராளமானவர்களுக்கு நோட்டீஸ் போனது. போராட்டம் வெடித்தபிறகே அரசு இறங்கிவந்தது. போலிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. போலியைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் சிக்குவது யார் என்றுதான் கேட்கிறேன்.

பிரிட்டனிலும் 2025இல் செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்ததில் அரசு பாதி வழியில் பின்வாங்கியது. அந்தத் திட்டத்திலும் உருப்படியான ஒரு யோசனை இருந்தது: வேலைக்குப் போய்ப் பார்த்த ஒரே காரணத்துக்காக ஒருவரை மறுபரிசோதனைக்குக் கூப்பிடக்கூடாது. கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' படத்தைப் பார்த்துக் கண்கலங்கி ஸ்டேட்டஸ் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! மாரடைப்பு வந்த தச்சரை வேலைக்குத் தகுதி என்று ஆபீஸில் எழுதிவிடும் கதை. அந்தத் தச்சர் நியூகாசிலில் மட்டும் இல்லை, வல்லக்கோட்டை பஸ் ஸ்டாப்பிலும் நிற்கிறார்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. 20(4) பிரிவில் 'அரசு' என்று இருக்கும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, காண்ட்ராக்ட் ஆளையும் சேர்த்துத் தனியார் ஆலைக்கும் அதைப் பொருந்த வையுங்கள். ஃபிட் சீட்டுக்குப் பிறகு ஆறு மாதமாவது உதவித்தொகையின் ஒரு பகுதி தொடரட்டும். செலவை வெண்டர் தலையில் மட்டும் கட்டாமல், அந்தத் தகட்டை வாங்கிக் கார் விற்கிறவரும் பங்கு போடட்டும்.

அண்ணன் போன வாரம் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தார். செக்யூரிட்டி வேலை. கேட்டில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல் இடது கையால் போட்டிருக்கிறார். ஒரு மாதமாக வீட்டில் உட்கார்ந்து, மகளின் நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகியது அது.