பழைய தண்டனையும் புதிய தேசமும்

பிறந்த தேசத்தை விட்டு அந்நிய தேசத்தில் குடியேற விரும்பி விண்ணப்பம் போடுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். வைத்தியரும், செவிலியரும், பொறியியல் கற்றவரும், மாணவரும் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் நாடிப் புறப்படுகின்றனர். போவது நலமா, இங்கேயே இருப்பது நலமா என்ற விவாதத்தில் நாம் இன்று இறங்கவில்லை. குடியேற்ற விண்ணப்பத்தில் காணும் ஒரு கேள்வியைப் பற்றியே எழுத முன்வந்தோம். எந்த நாட்டிலேனும் எக்காலத்திலேனும் நீர் குற்றத் தீர்ப்புப் பெற்றதுண்டா, உம்மீது குற்றச்சாட்டு ஏதேனும் உண்டா என்பதே அந்தக் கேள்வியின் சாரம். திருடனும் கொலைபாதகனும் அஞ்சவேண்டிய கேள்வி இது என்றெண்ணிப் பலர் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். அவர்களுள் சிலர், என்றோ ஓரிரவு மது அருந்தி வண்டி ஓட்டிப் போலீஸாரிடம் அகப்பட்டு, பின் மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியவர்கள். அபராதத்தோடு கணக்குத் தீர்ந்தது என்பது அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் குடும்பத்தோடு கெட்டுப் போகக்கூடும் என்பதை எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருக்க வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அகப்பட்டால் சிறைவாசம் இரண்டு வருஷம் வரை. அபராதம் 15,000 ரூபாய். சிவப்பு விளக்கை மீறியதற்காகத் தெருவிலேயே கட்டும் சல்லானும், நீதிஸ்தலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமும் பணம் கட்டுகிறவன் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணுக்கோ அவை ஒன்றல்ல. முன்னது ரசீது, பின்னது தீர்ப்பு. சிறைக்குப் போகாததனால் தீர்ப்பு தீர்ப்பல்லாமற் போய்விடாது.

இனி, கனடா தேசத்துச் சட்டம். 2001-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 36-வது பிரிவு, வெளிநாட்டில் தண்டனை பெற்றவனை அளக்க ஒரு கோல் வைத்திருக்கிறது. அவன் செய்த செய்கையைக் கனடாவிலேயே செய்திருந்தால் அங்கே அதிகபட்சம் எவ்வளவு தண்டனை விதிக்க இடமுண்டு என்று அதிகாரி பார்க்கிறார். பத்து வருஷமோ அதற்கு மேலோ ஆனால் அது ‘கடுங்குற்றம்’ என்ற வகுப்பில் சேரும். மதுமயக்கத்தில் வண்டி ஓட்டுவதற்கு அங்கே அதிகபட்சம் ஐந்து வருஷமாக இருந்தது, 2018-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி முதல் பத்து வருஷமாயிற்று. இதன் விளைவு யாதெனில், அத்தேதிக்குப் பின் சென்னையில் அகப்பட்டு, ஒரு நாள்கூடச் சிறையிலிராமல் பத்தாயிரம் ரூபாய் கட்டி வீடு திரும்பியவனும் கனடாவின் வாசலில் கடுங்குற்றம் புரிந்தவனாக நிற்க நேரிடும். விண்ணப்பத்துக்குத் தலைவன் அவனேயானால் அவனோடு புறப்பட்ட மனைவி மக்களின் பிரயாணமும் நின்றுபோகும்.

எனினும் கதவு என்றென்றைக்கும் அடைபட்டு விடுவதில்லை. இதைத்தான் ஜனங்கள் முக்கியமாய் அறியவேண்டும். 2018-ம் வருஷத்து மாறுதலுக்கு முன் நிகழ்ந்த ஒரே ஒரு குற்றமாயின், தண்டனை முற்றும் தீர்ந்து பத்து வருஷம் கழிந்தபின் அவன் திருந்தியவனாகச் சட்டமே கருதிக்கொள்ள இடமுண்டு. பின்னர் நிகழ்ந்ததாயின், தண்டனை தீர்ந்து ஐந்து வருஷம் சென்றதும், தான் திருந்திவிட்டதை ருஜுப்படுத்தி விமோசனம் கோரி மனுச் செய்யலாம். அதற்கு முன்பே போகவேண்டிய அவசர காரணம் இருந்தால், தற்காலிக அனுமதிச் சீட்டுக் கேட்கவும் வழியுண்டு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டின் எல்லை 30 மில்லி கிராம். கனடாவின் குற்றவியல் எல்லை 80 மில்லி கிராம். ஆகவே இங்கே 40 மில்லி கிராமுக்காகத் தண்டனை பெற்றவனின் செய்கை, போதையால் அவனது வண்டியோட்டும் திறன் குன்றியதாக ஏற்படாவிடில், அங்கே குற்றமாகாமலே போகலாம். வேகத்துக்கும் விளக்கு மீறலுக்கும் கட்டிய சாதாரண அபராதங்கள் அந்நாட்டில் மாகாணச் சட்டங்களைச் சேர்ந்தவை. அவை குற்றவியல் சட்டத்தில் அடங்கா. வெளிப்படையாகச் சொன்னவனுக்கு இத்தனை வழிகள் இருக்கின்றன.

மறைத்தவனுக்கு என்ன இருக்கிறது? அதே சட்டத்தின் 16-வது பிரிவு, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையே உரைக்கவேண்டுமென்று கட்டளையிடுகிறது. 40-வது பிரிவு, முக்கியமான விஷயத்தைத் திரித்தோ மறைத்தோ கூறியவனை ஐந்து வருஷம் அந்நாட்டில் நுழைய முடியாதவனாக்குகிறது. நுழைந்து குடியேறி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பின்னர் உண்மை வெளிப்பட்டாலும், பெற்ற உரிமையைப் பறிகொடுக்க நேரிடலாம். ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவல் தந்தவனுக்கு மூன்று வருஷத் தடை. அமெரிக்காவிலோ, தெரிந்தே பொய் சொல்லி அனுமதி தேடியவனுக்கு, விசேஷ விலக்குக் கிடைத்தாலன்றி, ஆயுள் முழுவதும் தடை. பழைய குற்றம் ஓரிரவுத் தவறு. அதை மறைப்பது தெளிந்த புத்தியோடு, பட்டப்பகலில், பேனா பிடித்துச் செய்யும் புதுக் குற்றம். முன்னதை மன்னிக்கத் தயாராயிருக்கும் அதிகாரியும் பின்னதை மன்னிக்கத் தயங்குவார். கனடாவில் தடையே ஆகாத ஒரு பழைய அபராதத்தை மறைக்கப் போய், ‘இவன் உண்மை பேசாதவன்’ என்ற சந்தேகத்தைச் சம்பாதித்துக் கொள்வது எவ்வளவு பேதைமை!

இந்தப் பேதைமையை விலைக்கு விற்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களே குடியேற்றத் தரகர்கள். எல்லாத் தரகரையும் நாம் குறை கூறவில்லை. ஆனால், “அதெல்லாம் எழுதவேண்டாம், ஐயா, யாருக்குத் தெரியப் போகிறது?” என்று சொல்லி, கையில் காசை வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பவனிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். நேராகவோ மறைமுகமாகவோ உண்மையைத் திரித்தாலும் குற்றமே என்று கனடாச் சட்டம் சொல்லுகிறது. எழுதியது தரகன் கையாயினும் கையொப்பம் விண்ணப்பதாரருடையது, தடையும் அவருக்கே. கூலி வாங்கி ஆலோசனை கூறுவோர் அந்நாட்டுச் சட்டப்படி வழக்கறிஞராகவோ, உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருத்தல் வேண்டும். அவர் பெயர் பதிவில் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

‘பட்ட தண்டனைக்கு மறுபடியும் தண்டனையா?’ என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இந்த ஆட்சேபத்தில் ஒரு பாதி நியாயம். ஒரு பாதி நியாயமன்று. தன் வீட்டு வாசலில் நிற்பவன் யார் என்று கேட்க எந்தத் தேசத்துக்கும் உரிமையுண்டு. குடித்து வண்டி ஓட்டுவதும் அற்ப விஷயமன்று. நம் நாட்டில் 2022-ம் வருஷத்தில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. அத்தனைக்கும் மதுவே காரணமென்று சொல்ல மாட்டோம். ஆனால் இத்தனை பிணங்கள் விழும் சாலையில் மதி மயங்கி வண்டியைச் செலுத்துபவன், தான் யாரையும் கொல்லாமல் வீடு சேர்ந்ததற்குத் தன் அதிர்ஷ்டத்தைத்தான் வாழ்த்த வேண்டும்.

மற்றப் பாதியில் நியாயம் இருக்கிறது. ஒருவன் உண்மையில் பெற்ற தண்டனையைப் பாராமல், பெற்றிருக்கக்கூடிய தண்டனையின் உச்சத்தை மட்டும் பார்த்து அளக்கும் கோல் கொடியது. அபராதம் மட்டும் கட்டியவனையும், பலரைக் காயப்படுத்திச் சிறை சென்றவனையும் ஒரே வரிசையில் அது நிறுத்திவிடுகிறது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் இருந்த உச்ச தண்டனையையே கணக்கிட வேண்டுமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-ம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. அந்த நீதியுணர்ச்சி இன்னும் ஓரடி முன்னே சென்று, விதிக்கப்பட்ட தண்டனையையும் சீர்தூக்கச் சட்டமே இடந்தர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஆயினும், கோல் கோணலாயிருக்கிறது என்பதற்காகப் பொய்ச் சரக்கை அளந்து கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. சட்டம் கொடிதானால் அதைப் பகிரங்கமாக எதிர்த்து வாதாடுவதே மானமுள்ளவர் செய்கை.

நம் சர்க்காருக்கும் நீதிஸ்தலங்களுக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. மாலைக்குள் வேலை முடியவேண்டுமென்று வரிசையாய் நிறுத்தி, ‘ஒப்புக்கொள்கிறாயா?’ என்று கேட்டு அபராதம் வாங்கி அனுப்பிவிடுவது போதாது. ஒப்புக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பாகும், பிற்காலத்தில் அந்நிய தேசப் பிரயாணத்துக்கும் தடையாகலாம் என்பதைத் தமிழில், அவனுக்கு விளங்கும்படி, முன்கூட்டியே சொல்லவேண்டும். தீர்ப்பின் பிரதியை அலையவிடாமல் அவன் கையில் கொடுக்கவேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மனமிருந்தால் போதும்.

வெளிநாடு செல்ல விரும்பும் நமது வாலிபர்களுக்கு நாம் கூறுவது இதுவே. விண்ணப்பத்தை எழுதுமுன் பழைய வழக்கின் தீர்ப்பு நகலையும் அபராத ரசீதையும் தேடி எடுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பிரிவில், என்ன தண்டனை என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். அதனால் தாமதம் நேரலாம். சிலருக்குச் சில வருஷம் காத்திருக்கவும் நேரலாம். காத்திருந்து நேர்வழியில் நுழைந்தவன் புதிய தேசத்தில் நிமிர்ந்து நடப்பான். பொய்யைச் சுமந்து நுழைந்தவனோ கதவு தட்டும் ஒவ்வொரு ஓசைக்கும் திடுக்கிடுவான். அவ்வாறு வாழ்வதற்கா அவ்வளவு தூரம் போவது?