வன்முறையாளர் பாடலைக் கற்றோர் ஆராய்தல் தகுமோ?

கொடியோர் பாடும் பாடல்களைக் கற்றோர் செவிகொடுத்து ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் சிலர் உளர். தகும் என்பதே எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நஷீத் என்பது இஸ்லாமியரிடையே வழங்கும் குரற்பாடல். இறைவனையும் நபிகளையும் போற்றுதலும், மணவீடுகளிலும் பெருநாட்களிலும் மகிழ்ச்சி கூட்டுதலும் அதன் இயல்பு. இசைக்கருவிகளை விலக்குவோர் குரல் ஒன்றையே கொண்டு பாடுவர். சிலர் சிறுபறையைச் சேர்த்துக்கொள்வர். இம்மரபையே வன்முறை இயக்கங்கள் தம் ஆயுதமாக்கிக்கொண்டன. ஈராக்கிலும் சிரியாவிலும் தன்னை 'இஸ்லாமிய அரசு' எனக் கூறிக்கொண்ட இயக்கம், இத்தகைய பாடல்களை வெளியிட அஜ்னாத் என்னும் நிலையத்தை நிறுவிற்று. இசைக்கருவியைப் பாவமென்ற அவ்வியக்கத்தார், வாளுருவும் ஓசையையும் துப்பாக்கி வெடியையும் பாடலிற் கலக்கக் கூசினாரல்லர்! பெர்லின் நகரத்துப் பாடகர் டெனிஸ் குஸ்பெர்ட் தம் பழைய பாட்டுத் தொழிலைத் துறந்து, ஜெர்மன் மொழியில் நஷீத் பாடி, பின்னர்ச் சிரியா சென்று அவ்வியக்கத்திற் சேர்ந்தார்.

பெஹ்னாம் சயீத் 2016-இல் ஜெர்மன் மொழியில் இப்பாடல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 2017-இல் தாமஸ் ஹெக்ஹாமர் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி, இவ்வியக்கத்தாரின் பாட்டு, கவிதை, கனவு முதலியவற்றை ஆராய்ந்தது. உயிருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்வோர் பாட்டிற்கு இத்துணைப் பொழுது செலவிடுவது ஏன் என்பதே அவ்வாராய்ச்சியின் உயிர்நாடியான வினா. உடன் பாடுவோர் உடன்பிறந்தாராகின்றனர் என்பது யாம் அதனின்று கொள்ளும் விடை. வாதத்தை வாதத்தால் வெல்லலாம்; ஒருவன் நெஞ்சிற் குடிபுகுந்த பண்ணை வாதம் அசைக்குமோ?

ஆராய்ச்சியே நஞ்சைப் பரப்பாதோ எனின், பாடலை முழுதும் எடுத்து வழங்காது, அதன் செயலை மட்டும் விளக்குதல் ஆய்வாளர் கடன் என்போம். ஆராயாது விடுதலோ அதனினும் பெருந்தீங்கு. வேற்றுமை அறியாதார் நஷீத் என்னும் பெயரைக் கேட்டவளவில் அஞ்சுவர். குற்றமற்ற அயலாரை ஐயுறுவர். கோடிக்கணக்கானோரின் பக்திப் பாடலைச் சில கொடியோர்க்கு உரிமையாக்குதல் அக்கொடியோரே விரும்புவதன்றோ?

2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வியக்கம் சிரியாவில் தன் கடைசி நிலத்தையும் இழந்தது. ஆயினும் பாடலுக்கு நிலம் வேண்டுவதில்லை. ஆதலின், கற்றோர் செவிகளை மூடிக்கொள்ளாது, நன்றையும் தீதையும் பகுத்தறிந்து உலகிற்கு உரைப்பாராக.