வேலியில்லா விளையாட்டிடம்

உலகப் போர் ஓய்ந்தது. ஆம்ஸ்டர்டாமிலே பாழ்மனைகள் குப்பை சுமந்து கிடந்தன. பிள்ளைகளோ தெருவிலே! 1947-இல் நகராட்சிப் பணியிலிருந்த இளைஞர் ஆல்டோ வான் ஐக், பெர்டல்மான் சதுக்கத்திலே மணற்குழி ஒன்றும், குட்டிக்கரணம் போடக் கம்பிகளும் அமைத்தார். அவ்வளவே! ஆனைப் பொம்மையில்லை, அலங்கார வளைவில்லை. கம்பியைக் கப்பலாக்குவதும் கோட்டையாக்குவதும் பிள்ளையின் பாடு. குழியின் அகன்ற கரையோ, பெரியவர்கள் அமர்ந்து பேசத் திண்ணை!

பக்கத்துத் தெருவார் பார்த்தனர். எங்களுக்கும் வேண்டுமென நகராட்சிக்கு எழுதினர். பாழ்மனைகள் விளையாட்டிடங்களாயின, 1978-க்குள் 700-க்கும் மேல்!

விளையாட்டாம், வீண் செலவாம்! யார் சொல்வது, தோழர்களே? மாளிகைக்குள்ளே தோட்டம் வைத்திருப்போர்! காலிமனை கண்டால் விலை பேசும் கண் அவர்களுக்கு. எழுதிக் கேட்டவர் தெருவார். செலவானது அவர்தம் வரிப்பணம். பிச்சையா அது?