வேகத்தின்மீது விழும் பழி

இயக்கவியலை ஆங்கிலத்தில் தொடங்கினால்தான் தெளிவு பிறக்கும் என்னும் வாதம் இந்தியக் கல்வி அரங்குகளில் ஓயாமல் ஒலிக்கிறது. பெரும்பாலும் காட்டப்படும் சான்று ஒன்றே: இந்திய மொழிகளில் ஸ்பீடும் வெலாசிட்டியும் குழம்பிக் கிடக்கின்றனவாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தமிழ்ப் பாடநூலில் ‘வேகம்’ திசையற்ற அளவு. திசையும் சேர்ந்தால் ‘திசைவேகம்’. தெலுங்கிலோ திசையுள்ளதே ‘வேகம்’, திசையற்றது ‘வடி’. இந்தியிலும் அதே வடசொல் திசையுள்ள அளவைத்தான் குறிக்கிறது, மற்றது ‘சால்’. (வைசேடிகருக்கு வேகம் இவை எதுவுமன்று, பொருளில் தங்கி அதைத் தொடர்ந்து இயங்கச் செய்யும் ஒரு குணம்.) ஆனால் எந்த மாணவரும் மூன்று பாடநூல்களை ஒருசேரப் பயில்வதில்லை. பயிலும் மொழிக்குள் இரு சொற்கள் வேறுபட்டு நின்றால் போதும், நிற்கின்றன.

ஆங்கிலத்தின் துல்லியம் எங்கே இருக்கிறது? வெலாசிட்டியின் இலத்தீன் மூலத்துக்கு விரைவு என்பதே பொருள். திசை, இயற்பியலார் பின்னர் வரையறுத்துச் சேர்த்தது. 400 மீட்டர் ஓடுதளத்தை 50 நொடியில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தவரின் சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர். சராசரித் திசைவேகம் சுழி. ஏன் சுழி என்று கேட்கும் பிள்ளைக்கு, திசையைப் பெயரிலேயே ஏந்திய தமிழ்ச்சொல்தான் கைகொடுக்கும்.

‘முடுக்கம்’ குறையுடைய சொல்தான். விரைவதை மட்டுமே நினைவூட்டுகிறது. பிரேக் பிடிப்பதும், வேகம் மாறாமல் வளைவில் திரும்புவதும் முடுக்கமே என்பதை அது சொல்வதில்லை. ஆனால் இந்தியின் ‘த்வரண்’, ஆங்கிலத்தின் ஆக்சிலரேஷன் ஆகியவையும் விரைவைக் குறிக்கும் வேர்களில் பிறந்தவையே.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரோபிரிட்ஜும் மெக்டெர்மாட்டும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தில் பயின்ற கல்லூரி மாணவர் பலர், ஒரு பந்து மற்றொன்றைக் கடக்கும் கணத்தில் இரண்டின் வேகமும் சமம் என்றனர். இடத்தையும் வேகத்தையும் ஒன்றெனக் கொண்ட இப்பிழையைப் பந்தை உருட்டிக் காட்டித்தான் திருத்த முடியும்; மொழியை மாற்றி அன்று.

பழி மொழிமேல் விழுவதால் தப்பிப்பது மொழிபெயர்ப்பில் காட்டப்படும் அலட்சியம். 2018 நீட் தேர்வில் 49 தமிழ் வினாக்களில் பிழை என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தீர்ப்பை நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வின் விதி. தமிழ் வினாவைச் சரியாகப் படித்துச் சரியாக விடையளித்தவருக்கு அந்த விதியில் இடமில்லை.